பலகையில் எழும் வாக்கு

மனிதனை ஏனைய உயிர்களிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் பேச்சே என்ற கருத்து, நாகரிகங்கள் பலவற்றில் ஏறத்தாழ ஐயமின்றி ஏற்கப்பட்டு வந்துள்ளது. அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலில், இன்பதுன்பங்களை வெளியிடும் குரல் பிற உயிர்களுக்கும் உண்டு என்றும், நீதி அநீதிகளை எடுத்துரைக்கும் மொழி மனிதனுக்கு மட்டுமே உரியது என்றும் கூறி, குடும்பமும் அரசும் அம்மொழியின் பகிர்விலிருந்தே எழுகின்றன என முடிவு செய்தார். மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம், பேச்சற்றவர்களைப் பார்வையற்றோர், செவிப்புலனற்றோர் முதலியோருடன் சேர்த்து, குடும்பச் சொத்தில் பங்கு பெறத் தகுதியற்றவர்களாக ஒதுக்கிவிட்டு, அவர்களுக்கு உணவும் உடையும் அளித்துக் காப்பதைப் பங்கு பெற்றவர்களின் கடமையாக வகுத்தது. இத்தடை 1928 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் பெருமளவு நீங்கி, 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தால் முற்றிலும் ஒழிந்தது. ஆயினும், பேச்சு வராத குழந்தைக்குச் சோறும் துணியும் பரிவும் இருந்தால் போதும், அக்குழந்தையிடம் வினா எழுப்பி விடை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்னும் எண்ணம், சொத்துரிமைச் சட்டம் மாறிய பின்னரும் வகுப்பறைகளில் வாழ்ந்து கொண்டிருக்கிறது.

மூளை முடக்குவாதத்தால் நாவும் உதடும் மூச்சும் ஒருங்கிணைந்து இயங்காத குழந்தைகளும், ஆட்டிசம் உள்ளவர்களில் பேச்சு எழாத அல்லது மிகக் குறைவாகவே எழும் குழந்தைகளும் இன்று பள்ளிக்கு வருகிறார்கள். அவர்கள் கையாளும் வழிகளுக்குத் துணைநிலை, மாற்றுத் தொடர்பு முறைகள் என்று பெயர். இருக்கும் சிறிதளவு பேச்சுக்கு வலுச் சேர்ப்பவை துணைநிலை முறைகள், பேச்சின் இடத்தையே ஏற்றுக்கொள்பவை மாற்று முறைகள். படங்களும் சொற்களும் கட்டங்களில் அமைந்த அட்டை, எழுத்துப் பலகை, தொட்டால் குரல் எழுப்பும் டேப்லெட், தலையசைவால் இயங்கும் சுவிட்ச், கண் நிலைக்கும் இடத்தை அறிந்து சொல்லைத் தேர்ந்து தரும் கணினி ஆகிய அனைத்தும் இவற்றுள் அடங்கும். இவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இயக்குமுறையையும் பயிற்சியையுமே விளக்குகிறார்கள். அவற்றுக்கு முன்பாகவே விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு: ஒரு குழந்தை அட்டையில் விரல் வைத்துக் காட்டுவது, பேச்சு இல்லாத குறையை ஓரளவு ஈடுசெய்யும் வேறொன்றா, அல்லது அதுவே பேச்சா?

சைவ சித்தாந்தம் இவ்வினாவுக்கு எதிர்பாராத தெளிவைத் தருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், வாக்கைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்கு நிலைகளாகப் பகுத்துக் காண்கிறது. சூக்குமை என்பது வாக்கின் மிக நுண்ணிய, அழியாத மூல நிலை. பைசந்தி என்பது எழுத்துகளின் வேறுபாடு இன்னும் தோன்றாமல், சொல்லப்பட வேண்டியது முழுவதும் ஒன்றாய் அடங்கியிருக்கும் நிலை. மயிலின் பல நிறங்களும் முட்டையின் நீரில் பிரிவின்றி ஒடுங்கியிருப்பதை இதற்கு உவமையாகக் காட்டுவர். மத்திமை என்பது எழுத்துகள் உள்ளத்தில் வரிசைப்பட்டு நின்றும் பிறர் செவிக்கு எட்டாத நிலை. நாவும் பல்லும் உதடும் கூடி ஒலியாக வெளிப்படுத்தும் இறுதி நிலையே வைகரி. உயிர் ஒரு பொருளை இன்னது என்று பெயரும் தன்மையும் பிரித்து அறிவதைச் சவிகற்ப அறிவு என்பர். அவ்வறிவு இந்நான்கு வாக்குகளின் துணையாலேயே நிகழ்கிறது என்பதும் சித்தாந்தத்தின் கொள்கை. ஆகவே ஒலியாக வெளிப்படுவது வாக்கின் கடைசிப் படி மட்டுமே; அதற்கு முன்னுள்ள மூன்று படிகளும் நாவைச் சார்ந்தவை அல்ல.

இதைவிடக் கூர்மையான செய்தி ஒன்று அதே தத்துவ வரிசையில் இருக்கிறது. வாக்கு என்னும் பெயர் ஐந்து கன்மேந்திரியங்களுள், அதாவது செயற்பொறிகளுள் ஒன்றாகவும் வருகிறது. வாக்கு, பாதம், பாணி, பாயு, உபத்தம் என்ற அவ்வரிசையில் பேசும் உறுப்பு, நடக்கும் காலுக்கும் பற்றும் கைக்கும் நிகரான ஒரு கருவியாகவே வைக்கப்படுகிறது. இந்த உறுப்பு, ஆன்ம தத்துவங்கள் எனப்படும் கீழ்நிலைத் தத்துவங்களைச் சேர்ந்தது. முன்னர்க் கூறிய நால்வகை வாக்கோ சுத்த மாயையிலிருந்து தோன்றுவது. இரண்டும் ஒன்றல்ல என்று சித்தாந்திகள் கொண்டதன் பயனை நம் காலத்து வகுப்பறையில் காணலாம். வாக்கு என்னும் பொறி இயங்காத குழந்தை, பாணி என்னும் பொறியால், கையும் இயங்காதபோது கண்ணால், தன் மத்திமையை வெளிப்படுத்துகிறது. பொறி மாறுகிறதே அன்றி வாக்கு மாறுவதில்லை. சித்தியார் தொடர்புப் பலகையை எண்ணி எழுதப்பட்ட நூல் அன்று என்பதும், வைகரியை அது செவிக்குப் புலனாவதாகவே வரையறுக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் உறுப்பையும் ஆற்றலையும் அத்தனை கவனமாகப் பிரித்து வைத்த ஒரு தத்துவத்தின் வழியில், பலகையில் காட்டப்படும் சொல்லைக் கண்ணுக்குப் புலனாகும் வைகரி என்று கொள்வது நேர்மையான நீட்சியே ஆகும்.

இதற்கு எதிர்நிலையும் இந்தியத் தத்துவத்தில் வலுவாக உண்டு. ஏழாம் நூற்றாண்டின் மீமாம்சகரான குமாரிலபட்டர், பெயரோ வகையோ கலவாத முதற்காட்சியாகிய நிர்விகற்ப அறிவை விளக்கும்போது, அது குழந்தை, பேச்சற்றவர் முதலியோரின் அறிவை ஒத்தது என்றார். அவரது நோக்கம் காட்சி அளவையை விளக்குவதே அன்றிப் பேச்சற்றவரை இழிவுபடுத்துவது அன்று. எனினும், பேச்சு வராதவர் உள்ளத்தில் பொருள்கள் பெயரின்றி வெறுமனே தோன்றுகின்றன என்பதை அவர் எவ்வாறு அறிந்தார் என்ற வினா எழாமல் இல்லை. எடுத்துக்காட்டாக நிறுத்தப்பட்டவரை எவரும் கேட்கவில்லை; கேட்பதற்கான கருவியும் அன்று இல்லை.

கருவி கிடைத்த ஒருவர் அளித்த சான்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதிவாயிற்று. அமெரிக்காவில் செவிப்புலனற்றோர் கல்வி நிலையத்தில் ஆசிரியராக இருந்த மெல்வில் பல்லார்ட், தாம் எழுத்துமொழியைக் கற்கத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, இந்த உலகம் எப்படித் தோன்றிற்று என்று தமக்குள் வினவியதாக எழுதினார். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளிவந்த தம் பெருநூலில் மொழியின்றியும் சிந்தனை நிகழும் என்பதற்கு இதைச் சான்றாக எடுத்தாண்டார். லுட்விக் விட்கன்ஸ்டைன், அவர் மறைவுக்குப் பின் 1953 இல் வெளியான 'தத்துவ ஆய்வுகள்' நூலில், சொல்லற்ற அச்சிந்தனையைப் பின்னாளில் சொல்லாக்கியது சரியான ஆக்கம்தான் என்பதில் பல்லார்டுக்கு உறுதி உண்டா என்று வினவினார். அந்த ஐயம் ஆழமானது; ஆனால் அது பல்லார்டுக்கு மட்டும் உரியதன்று. தன் மூன்றாம் வயது நினைவை இன்று சொல்லாக்கும் எவரும் அதே ஐயத்திற்கு ஆட்பட்டவரே. பேசுவோரின் நினைவை நம்பிக்கையோடும் பேசாதோரின் நினைவை ஐயத்தோடும் அணுகுவது தத்துவம் ஆகாது.

ஐந்தாம் நூற்றாண்டின் பர்த்ருஹரி 'வாக்கியபதீய'த்தில் நிறுவுவதுபோல் சொல் ஊடுருவாத அறிவே இல்லை என்று கொண்டால், ஒரு குழந்தைக்குச் சொல் தரும் கருவியை மறுப்பது அக்குழந்தைக்கு அறிவையே மறுப்பதாகும். அதற்கு மாறாகச் சிந்தனை சொல்லுக்கு முந்தியது என்று கொண்டால், கருவியை மறுப்பது ஏற்கனவே உள்ளே நிகழும் சிந்தனையை அடைத்து வைப்பதாகும். இவ்விரு கொள்கைகளில் எது மெய்யாயினும் ஆசிரியரின் கடமை மாறுவதில்லை. அமெரிக்கக் கல்வியாளர் ஆன் டோனலன் 1984 இல் இதனை ஒட்டிய நெறி ஒன்றை முன்வைத்தார்: போதிய சான்று இல்லாத நிலையில், தவறாகிப் போனாலும் குழந்தைக்கு மிகக் குறைந்த தீங்கை விளைவிக்கும் ஊகத்தையே ஆசிரியர் கைக்கொள்ள வேண்டும் என்பது அது. குழந்தைக்குப் புரிகிறது என்று நம்பிக் கற்பித்துப் புரியாமல் போனால் இழப்பு சிறிது. புரியவில்லை என்று ஒதுக்கி வைத்து, புரிந்துகொண்டே அக்குழந்தை ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தது எனில் அந்த இழப்பை ஈடுசெய்ய வழியே இல்லை.

தமிழ்ச் சமயமரபு பேச்சற்றவரை நினைவில் கொண்ட முறை தனியே ஆராயத் தக்கது. ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும், காஞ்சியில் பேச்சற்றிருந்த ஒருவர் காமாட்சி அருளால் மூககவி ஆகி ஐந்நூறு பாடல்கள் பாடினார் என்றும் மரபு கூறும். இக்கதைகளில் அருள் கிடைத்த கணமே பாடல் பிறக்கிறது; எழுத்துக் கற்று இலக்கணம் பயிலும் இடைக்காலம் எதையும் கதை வேண்டுவதில்லை. சொல் உள்ளே நிறைந்திருந்தது, வழி மட்டுமே அடைபட்டிருந்தது என்ற உணர்வு இவற்றில் பொதிந்திருக்கிறது. அதே வேளையில், வாய் திறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அக்குழந்தையோடு யார் உரையாடினார், எவ்வாறு உரையாடினார் என்பதைக் கதைகள் பொருட்படுத்துவதில்லை. குழந்தைக்குக் குரல் வரும் நாளுக்காகக் கோயில்தோறும் வேண்டிக்கொள்ளும் பெற்றோர், அட்டையைக் கையில் கொடுத்தால் வரவேண்டிய பேச்சும் நின்றுவிடும் என்று அஞ்சி அதைத் தள்ளி வைப்பதற்கு இம்மனநிலையும் ஒரு காரணமாகலாம். அந்த அச்சத்திற்கு அடிப்படை இல்லை. 2006 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, தொடர்புக் கருவி பெற்றவர்களைப் பற்றிய முந்தைய ஆய்வுகளுள் நம்பத்தக்கவற்றை ஆராய்ந்து, எவருடைய பேச்சும் அதனால் குறையவில்லை என்றும், பெரும்பாலோருக்குச் சிறிதளவேனும் கூடியது என்றும் காட்டியது. வேண்டுதலும் பலகையும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல.

மூன்றாவது கதை இவற்றைவிடச் சிக்கலானது. தில்லையில் மாணிக்கவாசகருக்கும் ஈழத்திலிருந்து வந்த பௌத்தர்களுக்கும் வாதம் நிகழ்ந்தபோது, வாதிட்ட பௌத்தர்கள் ஊமையாயினர் என்றும், ஈழ மன்னன் தன் பேச்சற்ற மகளைப் பேசவைக்குமாறு வேண்ட, அவர்களுடைய வினாக்களுக்கு விடை கூறுமாறு அடிகள் அப்பெண்ணைப் பணித்தார் என்றும், அவள் சபை நடுவே கூறிய விடைகளே இருபது பாடல்களாகத் திருச்சாழலில் அமைந்தன என்றும் திருவாதவூரர் புராணத்தின் வழிவந்த மரபு கூறுகிறது. தோற்றவருக்குத் தண்டனையாக ஊமைத்தன்மை வருவதும், பேச்சற்ற பெண் வென்றவரின் சான்றாக நிறுத்தப்படுவதும் ஒரே கதையில் நிகழ்கின்றன. அன்பர்கள் இதை அருளின் வெளிப்பாடாகப் போற்றுவது அவர்களுடைய நம்பிக்கை. அதைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் திருச்சாழலை அருளியவர் மாணிக்கவாசகரே என்று போற்றப்படுவதால், அன்று சபையில் ஒலித்த விடைகளில் அப்பெண்ணின் சொந்த எண்ணம் எங்கே இருந்தது என்னும் வினாவைத் தவிர்க்க இயலாது. அவள் விரும்பியிருந்தால் வேறு விடை கூறியிருக்க முடியுமா?

இவ்வினா இருபதாம் நூற்றாண்டில் மிகக் கசப்பான வடிவில் எழுந்தது. 1970களில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் தோன்றி, 1990க்குப் பின் அமெரிக்காவில் வேகமாகப் பரவிய முறை ஒன்றில், உதவியாளர் ஒருவர் குழந்தையின் கையையோ மணிக்கட்டையோ தாங்கிப் பிடிக்க, குழந்தை எழுத்துகளைத் தொட்டுச் சொல் அமைத்தது. அதுவரை ஒரு சொல்லும் வெளியிடாத குழந்தைகள் முழு வாக்கியங்களை எழுதினர். பெற்றோர் கண்ணீர் மல்கினர். பின்னர் நியூயார்க் மாநிலத்தில் நடத்தப்பெற்று 1993 இல் வெளியான ஆய்வில், உதவியாளருக்கு ஒரு படமும் ஆட்டிசம் உள்ளவருக்கு வேறொரு படமும் தனித்தனியே காட்டப்பட்டபோது, எழுதப்பட்ட விடைகள் உதவியாளர் கண்ட படத்தையே குறித்தன. ஆட்டிசம் உள்ளவர் மட்டும் கண்ட படத்தின் பெயர் ஒருமுறையும் வரவில்லை. உதவியாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர்; தம் கையே எழுதுகிறது என்பதை அவர்கள் உணரவில்லை என்பதுதான் இதன் துயரம். அன்பு மிகுந்த கை, குழந்தையின் சொல்லைத் தன் சொல்லால் மூடிவிட்டது. ஆகவே குழந்தை தானே, எவருடைய கையும் படாமல், சொல்லைத் தேர்வது தொடர்புக் கருவியின் முதல் அறமாகிறது. வகுப்பறையில் இதன் சிறு வடிவங்கள் அன்றாடம் நிகழ்கின்றன: குழந்தை முதல் எழுத்தைக் காட்டியவுடன் ஆசிரியர் சொல்லை முடித்துவிடுகிறார், 'இதைத்தானே சொல்ல வந்தாய்' என்று கேட்டுத் தலையசைப்பை ஒப்புதலாகக் கொள்கிறார். ஆசிரியர் எதிர்பாராத விடையைக் குழந்தை எப்போதேனும் கூறியிருக்கிறதா என்பதே, அங்கே பேசுவது யார் என்று அறிவதற்கான நம்பகமான அளவுகோல்.

எதிர்பாராத விடை வரவேண்டுமெனில் அதற்குரிய சொல் பலகையில் இருக்க வேண்டும். பலகையின் சொற்களைத் தேர்ந்தெடுப்பவரோ பெரும்பாலும் குழந்தை அல்ல. தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, பந்து, புத்தகம் என்று தேவைகளையும் பொருள்களையும் மட்டும் கொண்ட பலகை, குழந்தையைக் கேட்டுப் பெறுபவராக மட்டுமே கருதுகிறது. ஏன், யார், எப்போது என்னும் வினாச்சொற்கள் அதில் இல்லை எனில் குழந்தை மாணவர் ஆக முடியாது. மறுப்பதற்கும் தமிழில் ஒரே சொல் போதாது. வேண்டாம், இல்லை, முடியாது, மாட்டேன் என்பவை நான்கு வேறு நிலைப்பாடுகள், அவற்றுள் 'மாட்டேன்' என்பதைப் பலகையில் வைக்கப் பெரியவர்கள் தயங்குவது வியப்பன்று. உடலுறுப்புகளின் பெயரும், அடித்தார், தொட்டார், பயமாக இருக்கிறது என்பன போன்ற சொற்களும் இல்லாத குழந்தை தனக்கு இழைக்கப்பட்ட கொடுமையை எவரிடமும் முறையிட இயலாது. இறைவன், சாவு, பிறப்பு, பாவம், மன்னிப்பு முதலிய சொற்களையும் பலகை அமைப்போர் எளிதில் மறந்துவிடுகிறார்கள். தாத்தா இறந்த வீட்டில் அவர் எங்கே போனார் என்று கேட்க விரும்பும் குழந்தைக்குப் பந்தின் படமும் பழத்தின் படமும் எப்படிப் பயன்படும்? பல்லார்டின் உள்ளத்தில் எழுந்த உலகத் தோற்ற வினா எந்தக் குழந்தையின் உள்ளத்திலும் எழலாம் என்று ஏற்பவர்கள், அதைக் கேட்பதற்கான சொற்களையும் பலகையில் சேர்க்கக் கடமைப்பட்டவர்கள்.

பிறர் தந்த சொற்களைத் தாண்டிச் செல்லும் வழியைக் காட்டியது 1971 இல் கனடாவின் டொரான்டோ நகரில் ஷெர்லி மெக்நாட்டன் என்னும் ஆசிரியை மேற்கொண்ட முயற்சி. நாஜிச் சிறைமுகாம்களிலிருந்து விடுதலை பெற்று ஷாங்காயில் அடைக்கலம் புகுந்த சார்ல்ஸ் பிளிஸ் என்னும் வேதியியல் பொறியாளர், அங்கே கண்ட சீன எழுத்துகளால் தூண்டப்பெற்று, நாடுகளுக்கிடையே பகையைத் தணிக்கும் பொதுமொழியாக ஒரு குறியீட்டு முறையை அமைத்து, குடியேறிய ஆஸ்திரேலியாவிலிருந்து 1949 இல் வெளியிட்டார். உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. மூளை முடக்குவாதம் கொண்ட குழந்தைகளுக்கு மெக்நாட்டனும் அவருடன் பணியாற்றியோரும் அதைக் கற்பித்தபோதுதான் அதன் உண்மைப் பயன் தெரிந்தது. அதில் உணர்வைக் குறிப்பது இதயவடிவம். அதனோடு மேல்நோக்கிய அம்பு சேர்ந்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கிய அம்பு சேர்ந்தால் துயரம். குறிகளை இவ்வாறு கூட்டிப் புதுச்சொல் ஆக்கலாம் என்பதால், ஆசிரியர் வரைந்து கொடுக்காத சொல்லையும் குழந்தைகள் தாமே அமைத்தனர்.

பலகையில் சொற்களை அமைக்கும் சிக்கலுக்குத் தமிழில் தனிமுகம் உண்டு. ஒரு கட்டத்திற்கு ஒரு சொல் என்னும் அமைப்பு, வேற்றுமை உருபும் காலமும் இடமும் சொல்லின் இறுதியில் சேர்ந்தே பொருள் முற்றும் மொழிக்கு எளிதில் பொருந்துவதில்லை. 'நான்', 'பசி' என இரு கட்டங்களைத் தொட்ட குழந்தை 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்ல வழியின்றி நின்றுவிடுகிறது. சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் நிறுவனத்துக் குழந்தைகளின் தேவையிலிருந்து தொடங்கி அந்நகரிலேயே உருவான ஆவாஸ் போன்ற செயலிகள் தமிழிலும் பேசுகின்றன என்பது பெரும் முன்னேற்றமே. ஆயினும், தமிழ் இலக்கணம் அறிந்தவர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் ஒருங்கே அமர்ந்து செய்ய வேண்டிய பணி இன்னும் நிரம்ப உண்டு. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இதைத் தம் கடமையாகக் கொள்ளத் தகும்.

சொல்லுக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது காலம். இயல்பான உரையாடலில் ஒருவர் நிமிடத்திற்கு நூற்றைம்பது சொற்கள் வரை பேசுகிறார். தொடர்புக் கருவியால் பேசுவோருக்குப் பெரும்பாலும் பத்து பதினைந்து சொற்களைத் தாண்டுவதே அரிது. ஆசிரியர்கள் வினா எழுப்பிய பின் விடைக்காகக் காத்திருக்கும் நேரத்தை 1970களில் ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, அது சராசரியாக ஒரு விநாடி அளவே என்று கண்டறிந்தார். பேசும் குழந்தைகளுக்கே அது போதவில்லை என்பதும், மூன்று விநாடி காத்திருந்தால் விடைகள் நீண்டும் செறிந்தும் வருகின்றன என்பதும் அவர் கண்ட உண்மை. ஒரு விநாடி மட்டுமே காக்கும் வகுப்பில், பலகையில் சொல்லைத் தேடும் குழந்தைக்கு இடமே இல்லை. திருக்குறள் கேள்வி என ஓர் அதிகாரமும், குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரில் பொருட்பாலிலும் காமத்துப்பாலிலும் இரண்டு அதிகாரங்களும் கொண்டிருப்பது, தொடர்பின் பொறுப்பில் பெரும்பங்கைக் கேட்பவர்மீது வைக்கும் மரபு தமிழில் பழமையானது என்பதைக் காட்டும். குறிப்பறிதல் உயர்ந்த பண்பே. ஆனால் முகக்குறிப்பாலேயே எல்லாவற்றையும் அறிந்து முன்கூட்டியே நிறைவேற்றிவிடும் தாயிடமும் ஆசிரியையிடமும் வளரும் குழந்தைக்குச் சொல்லைத் தேட வேண்டிய தேவையே எழாமல் போகலாம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பேசாத குழந்தையைப் போற்றும் நல்லெண்ணத்தில் சிலர் மௌனத்தின் பெருமையைத் துணைக்கு அழைப்பதுண்டு. கல்லால மரத்தடியில் சின்முத்திரை காட்டிச் சனகாதி முனிவர்க்குச் சொல்லாமல் சொன்ன தட்சிணாமூர்த்தியின் மௌனம், எல்லாச் சொல்லும் தன்வசமாக உள்ள ஒருவர் சொல்லைக் கடந்து நின்ற மௌனம். நோன்பிருப்போரின் மௌனம் அவர்களே ஏற்றுக்கொண்டது. வழி மறுக்கப்பட்டதால் குழந்தைமீது கவிந்த மௌனத்தை இவற்றோடு ஒப்பிடுவது, அநீதிக்குத் தெய்வீகச் சாயம் பூசுவதாகும். பேசும் வழியைப் பெற்ற பிறகு அக்குழந்தை மௌனம் காக்க விரும்பினால், அப்போது அதை மௌனம் என்று போற்றலாம்.

இந்தியா 2007 இல் ஏற்பளித்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையும், அதன் வழியில் இயற்றப்பட்ட 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 'தகவல்தொடர்பு' என்பதன் வரையறைக்குள்ளேயே துணைநிலை, மாற்று முறைகளைச் சேர்த்துள்ளன; அச்சட்டத்தின் பதினேழாம் பிரிவு, கல்வியில் அவற்றின் பயன்பாட்டை வளர்ப்பதை அரசின் கடமைகளுள் ஒன்றாக்கியிருக்கிறது. சட்டம் தன் பங்கைப் பெருமளவு சொல்லிவிட்ட நிலையில், எஞ்சியவை ஆசிரியரின் மேசையருகே செய்யப்பட வேண்டியவை. பலகையில் மறுப்புச் சொற்களும் வினாச்சொற்களும் முறையிடும் சொற்களும் உள்ளனவா என்று இந்த வாரமே பார்க்கலாம். வினா எழுப்பிய பின் குழந்தை சொல்லை முடிக்கும் வரை வகுப்பு முழுவதும் காத்திருக்கப் பழகலாம். அட்டை கிழிந்துவிடும், டேப்லெட் உடைந்துவிடும் என்று அஞ்சிப் பாடவேளை முடிந்ததும் கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டும் பள்ளிகள், அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, விளையாட்டுத் திடலுக்கும் வீட்டிற்கும் குழந்தையோடு அதையும் அனுப்ப வேண்டும்.